தவளை மருந்தும் மாரீஸ்வரியின் காலும்

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவரின் சாவைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகப் பேசி, அவர் கோபித்துக்கொள்வதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதுதான் என் பிழைப்பு. அதனால் எங்கள் ஊரில் யார் யார் எதற்குப் பயப்படுவார்கள் என்று எனக்கு அத்துப்படி. என் பேச்சுக்குத் துளியும் பயப்படாத ஒரே ஆள் அடுத்த வீட்டு மாரீஸ்வரி அக்காதான். "எனக்கு எதுக்குடி துர்கா பாலிசி? நான் செத்தா வரும்படி உண்டுன்னு தெரிஞ்சா எம் புருசன் எனக்குக் கஞ்சி ஊத்துறத இன்னைக்கே நிப்பாட்டிருவாரு" என்று சிரித்துக்கொண்டே என்னை வாசலோடு அனுப்பிவிடுவாள். அந்தப் புருஷன் செல்வம் ஜேசிபி ஓட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. அவரைப் பற்றி அப்படியெல்லாம் பேசுவது அக்காவுக்கு ஒரு சுகம்.

கானாடுகாத்தானை ஒட்டினாற்போல எங்கள் ஊர். அக்கா பிறந்ததும் இங்கேதான், வாக்கப்பட்டதும் இங்கேதான். அண்ணன் உடையப்பன் வீடு அடுத்த தெருவில். அக்காவுக்கு கானாடுகாத்தானில் வேலை. சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியின் பெரிய வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, கூட்டித் துடைத்து, மறுபடியும் பூட்டிவிட்டு வர வேண்டும். "பூட்டுறதுக்காகவே திறக்குற வேலை" என்பாள். முகப்பில் தொடங்கிப் பின்கட்டு வரை போய்ச் சேர்வதற்குள் முகப்பில் மறுபடி தூசி படிந்துவிடும். முகப்பைத் தாண்டிச் செருப்பு போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். அக்காவின் பாதங்கள் அந்த வழவழப்பான தரையில் செருப்பில்லாமல் நடந்தே தேய்ந்தவை.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலம் ஆயிற்று. நினைவு வந்தால் மாத்திரை போடுவாள். ஆச்சி வந்து போகும் நாட்களில் மிஞ்சும் வெல்லக் கந்தரப்பத்தைப் பார்த்தால் நினைவு வராது.

பங்குனியில் எங்கள் மாரியம்மன் கோவிலில் பூக்குழி, அதாவது தீமிதி. கல்யாணமான வருஷத்திலிருந்து அக்கா காப்புக் கட்டி இறங்குகிறாள். விழாக் கமிட்டித் தலைவர் அவளுடைய அண்ணன்தான். அவர்தான் முதல் ஆளாக இறங்குவார், அவர் பின்னால்தான் ஊர் இறங்கும். அக்கா எப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுவாள். நான் சொல்லும் அந்த வருஷம் மட்டும் சந்தைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக நடந்தாள். கரையேறியதும் கையைத் தூக்கிக் கத்தினாள்.

"ஆத்தா நெருப்பைத் தண்ணியாக்கிட்டா! ஒரு பொட்டுச் சூடு இல்ல!"

பெண்கள் குலவை போட்டார்கள். உடையப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் ரெண்டு வருசமா குளுகுளுன்னுதான் இருக்கு தாயி. நம்ம குடும்பத்து மேல அவளுக்கு அம்புட்டுப் பிரியம்" என்று தங்கையின் தலையில் கை வைத்தார். ஊரே அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டது.

அடுத்த சில வாரங்களில் ஆச்சி வீட்டுத் தரையில் ஒரு கறை வந்தது. அக்கா துடைத்துவிட்டுத் திரும்பினால் துடைத்த இடத்திலேயே ஈரமாக ஒரு பொட்டு. அதைத் துடைத்தால் அங்கிட்டு ஒன்று. முற்றத்தைச் சுற்றிய பத்தி முழுக்க, இரண்டாம் கட்டு வரைக்கும் பொட்டுப் பொட்டாக. அக்கா கறையைத் திட்டினாள், துடைக்கும் துணியைத் திட்டினாள், கடைசியில் சென்னைக்கே போன் போட்டுவிட்டாள். "ஆச்சி, கல்லு கசியுது. கொத்தனாரை வரச் சொல்லவா?" ஆச்சி பதறிப்போய்ச் சரி என்றார். கொத்தனார் வந்தார், குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்தார், பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார்.

"கல்லு கசியலக்கா. ஒங்க காலுதான் கசியுது."

வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, குழிந்த ஒரு புண். சுற்றிலும் வெளுத்துப்போன தோல். வலி என்பதே இல்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. பூக்குழியில் அவளுக்குச் சூடு தெரியாததும் இதனால்தான். சர்க்கரை அவள் பாதத்து நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருந்தது. நெருப்பு அவளைச் சுட்டது. சுட்டதைச் சொல்ல உள்ளே ஆளில்லை.

எங்கள் பக்கத்தில் மருந்துக்கடைக்குப் போய்க் காலில் புண் என்றால், அட்டையிலிருந்து கத்தரித்து ஒரு துண்டு மாத்திரை தருவார்கள். இரண்டு வேளை போட்டதும் தணிந்த மாதிரி இருக்கும். அப்புறம் யார் முழுங்குகிறார்கள்? மறுபடி சீழ் வந்தால் வேறு நிறத்தில் வேறு மாத்திரை. அக்காவும் அப்படித்தான் தின்றாள். அரைகுறையாக அடி வாங்கித் தப்பித்த கிருமி, அடித்தவனின் முகத்தை மறக்காது. இதை எண்ணினால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பீடி வாங்குவதுகூட எங்கள் ஊரில் அதைவிடக் கட்டுப்பாடான காரியம்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சீழை எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் கிருமி வழக்கமான மருந்து எதற்கும் மசியவில்லை. மசியக்கூடிய ஒன்றிரண்டும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக் கூடியவை. அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். எலும்புக்கு இன்னும் போகவில்லை, ஆனால் போய்விடும். பெருவிரலோடு பாதத்தின் முன்பகுதியை இப்போதே எடுத்துவிட்டால் நல்லது. பிந்தினால் முழங்காலுக்குக் கீழே.

கூட வந்திருந்த உடையப்பண்ணன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். "கால்தான தாயி? உசுரு இருந்தாப் போதும்" என்று தேம்பினார். செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மட்டும் அழவில்லை.

"வெட்டுறது எப்ப வேணும்னாலும் வெட்டலாம். வெட்டுனத ஒட்ட முடியுமா? வேற ஒண்ணுமே இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க. இல்லைன்னாத்தான் இந்தக் காலைத் தருவேன்" என்றாள். அறுவை மருத்துவர் கோபிக்கவில்லை. மாடியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, போய்ப் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார்.

மாடியில் இருந்தவர் டாக்டர் மீனலோசனி. வயது குறைவு, பேச்சு நிதானம். அக்காவின் காலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது.

"உங்க ஊர்ல ஊருணி இருக்காம்மா?"

"இல்லாமயா? குடிக்கிற ஊருணி. அதுல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"தவளை?"

"அது நாம சொன்னாக் கேக்குமா?"

"அந்தத் தவளை சேத்துல கிடக்கு, பாசியில கிடக்கு. உடம்பு எப்பவும் ஈரம். முள்ளு கிழிச்சாலும் அதுக்குச் சீழ் பிடிக்கிறது ரொம்பக் குறைவு. ஏன்னு சிலபேர் தேடிப் பார்த்தாங்க. தவளைத் தோல்ல சின்னச் சின்னப் புரதச் சங்கிலி ஊறுது. பெப்டைடுன்னு பேரு. நம்ம தோல்லயும் கண்ணீர்லயும்கூட அந்த ஜாதி கொஞ்சம் உண்டு. அது நேராப் போய்க் கிருமியோட மேல்தோல்ல ஒட்டி ஓட்டை போட்டுடும். கிருமி கசிஞ்சு செத்துப்போகும்."

"கசிஞ்சு சாகணும், சனியன்" என்றாள் அக்கா. "இத்தனை நாளு நான் கசிஞ்சேன்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். தவளையை யாரும் பிழிவதில்லை, அந்தச் சங்கிலியைப் பார்த்து அதேபோல ஆய்வுக்கூடத்தில் கோத்துக் களிம்பில் கலக்கிறார்கள் என்றார். பழைய மாத்திரைகள் கிருமிக்குள் போய் ஏதாவதொரு வேலையை நிறுத்துமாம். கிருமி அந்த வேலையைச் செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடுமாம். "தோலையே மாத்திக்கிறது கிருமிக்கு அவ்வளவு லேசு இல்ல. லேசு இல்லைன்னுதான் சொல்றேன், முடியாதுன்னு சொல்லல."

"அப்ப இது மருந்துதான?"

"மருந்து ஆகலாம்மா. இன்னும் ஆகல. சோதனைக் குழாயில ஜெயிச்சுட்டு மனுஷ உடம்புல தோத்துப்போன பெப்டைடு நிறைய இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனை."

இரண்டு வகை டியூப் உண்டு என்றார். ஒன்றில் பெப்டைடு கலந்த களிம்பு, மற்றதில் வெறும் களிம்பு. பார்க்க ஒரே மாதிரி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, பூசுகிற நர்சுக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். எதைப் பூசினாலும் புண்ணைச் சுத்தம் செய்வது, காலை ஊன்றாமல் காப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். காய்ச்சல் வந்தாலோ எலும்பைத் தொட்டாலோ சோதனை அதோடு சரி, உடனே அறுவை.

"செவப்புப் பூ வெள்ளைப் பூ பொட்டலம் கட்டி ஆத்தா முன்னாடி போட்டு எடுக்குறமே, அது மாதிரி" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் காலையே பார்த்தாள். வெறும் களிம்பு வந்தால்? இந்த அக்கா காலில்லாமல் கட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "வேணாங்க்கா, யோசிப்போம்" என்றேன்.

"யோசிச்சா கிருமி நிக்குமா? பேனாவை எடு" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் தெரு முழுக்க இதே பேச்சு. தவளைத் தைலம் பூசுகிறாளாம் என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரிக்காரன் ஏழைகளை வைத்துச் சோதனை பண்ணுகிறான் என்றார்கள் சிலர். உடையப்பண்ணன் நேரில் வந்தே கத்தினார்.

"ஒன்ன சோதனை எலியா ஆக்கிட்டாகளே தாயி!"

"எலி கையெழுத்துப் போடுமாண்ணே? நான் போட்டுருக்கேன். பிடிக்கலைன்னா நடுவுலயே வெளிய வந்துருவேன்னும் எழுதி வாங்கிருக்கேன். எந்த எலி வாங்கும்?"

அண்ணனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தம் கோவில் பூக்குழியில் தங்கையின் கால் வெந்தது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆத்தா சுட்டாள் என்றால் அது குற்றத்துக்குத் தண்டனை என்று ஊர் சொல்லும். தங்கை குற்றவாளி என்றால் முன்னால் இறங்கிய அண்ணன் யார்? "நீயும் ஒருதரம் சக்கரை பாருண்ணே" என்று அக்கா சொன்னதற்கு, "எனக்கு எதுக்கு? நான் ஆத்தா புள்ள" என்று எழுந்து போய்விட்டார்.

அக்காவுக்குத் தடித்த ஒரு பூட்சும் கக்கத்தில் ஊன்றுகட்டையும் கொடுத்திருந்தார்கள். காலை ஊன்றவே கூடாது. ஜேசிபியை நிறுத்திவிட்டு வந்து செல்வம்தான் சோறு பொங்கினார். வாரா வாரம் மதுரை. வீட்டில் தினமும் கட்டைப் பிரித்து, உப்புநீரில் கழுவி, டியூபிலிருந்து பூசி மறுபடி கட்ட வேண்டும். நானும் அவரும் மாறி மாறிச் செய்தோம். டாக்டர் போட்ட முக்கியமான நிபந்தனை ஒன்றே ஒன்று. வேறு எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. மஞ்சள் கூடாது, வேப்பிலை கூடாது, யார் சொன்ன எதுவும் கூடாது.

புண் ஓரம் கட்டிச் சிவந்து ஆறி வந்த சமயம். ஒரு மத்தியானம் அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டு மாற்றப் போனேன். பிரித்தால் உள்ளே சாம்பலும் மஞ்சளுமாகக் குழைத்து அப்பியிருந்தது. பூக்குழிச் சாம்பல். எங்கள் ஊரில் காய்ச்சல், கட்டி, கண்ணேறு எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுத்துப் பூசுவார்கள். உடையப்பண்ணன் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு நிறைய அது இருக்கும். அவர் வந்து, கட்டைத் தானே பிரித்து, தங்கச்சிக்கு நல்லது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பிவிட்டு, கட்டை முன்போலவே கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவுக்கு விழிப்பே வரவில்லை. வராது. அந்தக் காலுக்குத்தான் எதுவும் தெரியாதே.

செல்வத்தைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். "கழுவி விட்டுருவோம் துர்கா. டாக்டர்ட்ட சொன்னா சோதனையில இருந்து எடுத்துருவாக. மருந்து நின்னா காலு போயிரும். ஒரு தடவைதான், யாருக்குத் தெரியும்?" என்று கெஞ்சினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் பேசாமல் கழுவினேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. அண்ணன் மேல் அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"போனைக் குடு. நான் சொல்றேன்."

"சொன்னா எடுத்துருவாகடி!" என்றார் செல்வம்.

"எடுக்கட்டும். நாளைக்கு இந்தப் புண்ணு ஆறினா மருந்து ஆத்துச்சுன்னு எழுதுவாக. அழுகுனா மருந்து அழுக வச்சிருச்சுன்னு எழுதுவாக. ரெண்டும் பொய்யி. என் காலைப் பார்த்து இன்னொருத்தி காலுக்குப் பூசப் போறாக. அவகிட்ட நான் பொய் சொல்றதா?"

போனில் டாக்டர் அவளை நீக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே குறித்துக்கொண்டு, புண்ணைக் காட்ட உடனே வரச் சொன்னார். கணக்கில் அவள் பெயரோடு இந்தச் சாம்பலும் சேர்ந்தே இருக்கும் என்றார். "சொன்னதுக்கு நன்றிம்மா" என்று அவர் சொன்னபோது அக்கா விசும்பினாள். பிறகு ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு, பூட்சுக் காலைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் வீட்டு வாசலுக்கே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"எங் காலை நீ தொடாத. ஆத்தா பேரைச் சொல்லியும் தொடாத. நான் கூப்புட்டாத்தான் இனி நீ என் வாசப்படி ஏறணும்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். உடையப்பண்ணன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாவமாக இருந்தது. ஆனால் அக்கா செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தபோது புண் மூடியது. ஒரு விரல்கூடப் போகவில்லை. அறுவை மருத்துவரே மாடியேறி வந்து அந்தப் பாதத்தைத் தடவிப் பார்த்தார். "செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளயும்" என்று மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்றைக் கொடுத்தார். உணர்ச்சி இல்லாத காலுக்கென்றே செய்வது அது.

அந்தச் செருப்போடு அக்கா ஆச்சி வீட்டு முகப்பைத் தாண்டினாள். முகப்பில் மாட்டியிருந்த கேமராவில் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஆச்சி கூப்பிட்டார்.

"என்ன மாரி இது? அப்பச்சி காலத்துல இருந்து அந்தத் தரையில செருப்பு பட்டதில்ல!"

"என் சீழு பட்டுருக்கே ஆச்சி, அத என்ன செய்யப் போறீக? செருப்பு வேணாம்னா விளக்கமாத்தை நீங்களே வந்து பிடிங்க."

"இன்னொரு சோடி வாங்கி அங்கேயே வச்சுக்க. தெருவுல போட்டத உள்ள போடாத" என்றார் ஆச்சி. ஒரு வீட்டின் சட்டம் அன்றைக்கு மாறியது.

சோதனை முழுவதும் முடிந்து, யாருக்கு எந்த டியூப் என்று பொட்டலம் பிரிந்த தகவல் ஒரு நாள் வந்தது. டாக்டர் நேரில் வரச் சொல்லி உட்காரவைத்துச் சொன்னார். மாரீஸ்வரிக்குப் பூசியது வெறும் களிம்பு. அவள் காலை ஆற்றியது தினப்படி சுத்தமும், ஊன்றாமல் இருந்த பிடிவாதமும், கட்டுக்குள் வந்த சர்க்கரையும்தான். பெப்டைடு பூசியவர்கள் புண்ணில் கிருமி குறைந்தது உண்மை. ஆனால் புண் மூடும் வேகத்தில் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. புண்ணில் ஊறும் நீரே அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. அறுபடாத மாதிரி மாற்றிக் கோத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊருக்கு வந்தால் ஊர் இன்னும் அறைந்தது. ஒன்றுமில்லாததைப் பூசி ஏமாற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். உடையப்பண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப என் சாம்பல்தான் ஆத்திருக்கு" என்று மட்டும் கோவிலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அது அக்காவின் காதுக்கு வந்தது.

டீக்கடைக்கே போய்விட்டாள். "என்னடா ஏமாத்து? பூசாத காலு எப்படி ஆறும்னு ஒருத்தி காட்டுனாத்தான பூசுன காலைப் பத்திப் பேச முடியும்? அந்த ஒருத்தி நான். மருந்து தோத்துச்சுன்னு அவுக வாயாலயே சொன்னாக பாரு, அந்த நெஞ்சு உங்க ஒருத்தனுக்கு இருக்கா? தோத்தா மறுபடி செய்வாக. மருந்து வரும். வர்ற வரைக்கும் பூசுறதுக்குக் காலு இருக்கணும்ல?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் யோசித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "டாக்டரம்மா என் காலைக் குத்திப் பார்ப்பாகள்ல, அந்த நரம்பை வாங்கிட்டு வருவோம் துர்கா" என்றாள்.

அது பேனா மாதிரி ஒரு பிடியில் செருகிய நைலான் இழை. பார்த்தால் தூண்டில் நரம்பு. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அது வளையும் வரை அழுத்த வேண்டும். தெரிந்தால் கால் நரம்பு உயிரோடு இருக்கிறது. தெரியாவிட்டால் இல்லை. டாக்டர் மீனலோசனி எங்கள் இருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தே அனுப்பினார்.

பங்குனி வந்தது. பூக்குழி அன்று சாயங்காலம், காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியோடு வரிசையில் நிற்கும் இடத்தில், கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். காலில் அந்த ரப்பர் செருப்பு. "சக்கரை இருக்கவுக, இருக்கான்னு தெரியாதவுக, எல்லாரும் வந்து காலைக் காட்டிட்டு இறங்குங்க!"

கமிட்டிக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். நெருப்புக்கு முன்னால் செருப்பா? ஆத்தாவையே சோதிக்கிறாயா?

"ஆத்தாவை இல்ல, காலைச் சோதிக்கிறேன். பூக்குழியை நான் மறிக்கல. தெரியுற காலு இறங்கட்டும். தெரியாத காலு பால்குடம் எடுக்கட்டும். வேணாம்னா சொல்லப் போறா அவ?"

தூக்கிப் போட்டாலும் நகரமாட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒருவரும் வரவில்லை. பிறகு மேலத்தெருச் சின்னத்தாயி வெட்கப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்தது, சிரித்துக்கொண்டே வரிசைக்கு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். ஒருத்திக்கு இரண்டு விரலில் தெரியவில்லை. அழுதாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உடையப்பண்ணன் வந்தார். சந்தனம், மாலை, மஞ்சள் வேட்டி. முதல் ஆளாக இறங்க வேண்டியவர். தங்கை வாசல்படியை அவர் மிதித்து எத்தனையோ மாதம். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சுருட்டிக்கொண்டு வலது காலைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தார்.

"தொடாதன்னு சொன்னீல்ல? இப்ப நீ தொடு. ஊரே பார்க்கட்டும். ஆத்தா புள்ளைக்கு எதுவும் வராது."

"கண்ணை மூடிக்கண்ணே. தெரிஞ்சதும் 'ம்'முன்னு சொல்லு."

அவர் கண்ணை இறுக மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார். மேளக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டதால் சத்தம் அடங்கியிருந்தது. அக்கா இழையைப் பெருவிரலில் வைத்து அழுத்தினாள். அது வளைந்தது. எடுத்துவிட்டு விரலுக்குக் கீழே வைத்தாள். வளைந்தது. நடுப்பாதம், குதிகால். ஒவ்வோர் இடத்திலும் அண்ணனின் உதட்டையே பார்த்தாள். உதடு அசையவில்லை. மறுபடி பெருவிரலுக்கே வந்து, இந்த முறை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தாயி, பயந்துட்டியா?" என்றார் உடையப்பண்ணன், கண்ணைத் திறக்காமல், ஊருக்கே கேட்கும்படி. "எம்புட்டு நேரம் காத்துக் கிடக்குறது? வெரசாத் தொடு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் வளைந்து நின்ற அந்த இழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தொட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்" என்றாள் மாரீஸ்வரி அக்கா.